மோட்டாரை நிறுத்திவிட்டு விண்வெளிக்கு

எங்கள் வீட்டில் யாரும் நினைத்த நேரத்தில் விண்வெளிக்குப் போய்விட முடியாது. முதலில் மோட்டார் போட வேண்டும். மேல்தொட்டி நிரம்பும்வரை காத்திருந்து நிறுத்த வேண்டும். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். குப்பை வண்டி விசில் கேட்டால் மக்கும் குப்பை ஒரு கையிலும் மக்காத குப்பை மறு கையிலுமாகத் தெருமுனைவரை ஓட வேண்டும். இத்தனையும் முடித்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, சனிக்கோளின் வளையத்தை நான் தாண்டும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். அதற்குள் யாழ்ப்பாணத்து வாத்தியார் என் போன அத்தியாயத்தில் நாலு பிழை கண்டுபிடித்துப் போட்டிருப்பார்.

நான் அறிவியல் புனைகதை எழுதுகிறவன். இதை நானாகச் சொன்னால்தான் உண்டு. ஒரு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அதிகாரியாக ஓய்வுபெற்றேன். அங்கே நான் எழுதிய மாத முன்னேற்ற அறிக்கைகளில் கற்பனை வளம் இருந்தது என்று மேலதிகாரிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு அந்த வளத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் இருந்தபோதுதான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். அறிவியல் கதை எழுதும் அமெச்சூர்கள் குழு அது. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் பத்துப் பேர் நாவலோடு வந்துவிடுவார்கள்.

நாற்பது பேருக்கு மேல் இருக்கிறோம். எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் படிக்கிறார்கள் என்று அந்த ஏழெட்டுப் பேரும் நம்புகிறோம். பிழை பிடிக்கும் யாழ்ப்பாணத்து வாத்தியாரும் இங்கேதான் இருக்கிறார். சேலத்துக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். அவர் கதைகளில் எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அங்கே மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்துவரை மின்சாரம் இருக்காது. கோவைக்காரருக்குப் பம்ப்செட் பட்டறை. டொராண்டோ அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே முதியோர் இல்லமொன்றில் நர்ஸாக இருக்கிறார். நாங்கள் சாயங்காலக் காபி குடிக்கும்போது அவர் இரவு வேலை முடித்துப் பனியை வாரிக்கொண்டிருப்பார். பெங்களூர்த் தம்பி மென்பொருள்காரன், இரவு மூன்று மணிக்குத்தான் எழுதுவான். அவன் கதைகள் எல்லாவற்றிலும் கடைசி வரியில் நடந்தது அத்தனையும் கணினிக்குள் நடந்த மாயை என்று தெரியவரும். முதல் கதையில் நாங்கள் அதிர்ந்தோம். இப்போதெல்லாம் கதாநாயகனுக்குக் கால் முறிந்தால்கூட யாரும் கவலைப்படுவதில்லை. நெல்லைப் பெண் எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறாள். எங்களில் நிஜமாகவே எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் எப்போதாவதுதான் எழுதுவாள்.

குழுவுக்கு விதிகள் உண்டு. குட்மார்னிங் படம் கூடாது. அரசியல் கூடாது. கதையும் கதை பற்றிய பேச்சும் மட்டும்தான். இந்த விதிகளைப் போட்டவர் சேலத்துக்காரர். போட்ட மறுநாள் காலையில் தாமரைப் படத்தோடு குட்மார்னிங் அனுப்பியவரும் அவர்தான். விதி போடுவதற்கு முன்னாலேயே அனுப்பியதாம், நெட்வொர்க் தாமதமாம்.

கதை மட்டும்தான் என்றால் எப்படி முடியும்? காலையில் ஒருவர், "கருந்துளையின் விளிம்பில் நின்று அவள் கடைசியாக ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்" என்று போடுவார். அடுத்த செய்தி, "ஈரோட்டில் நல்ல எலும்பு டாக்டர் யாருக்காவது தெரியுமா?" அதற்குக் கீழே இன்னொருவர், "அருமை." எது அருமை என்று இன்றுவரை தெளிவாகவில்லை. கருந்துளைக்காரர் தனக்கென்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டார்.

ஒருநாள் அதிகாலையில் சேலத்துக்காரரிடமிருந்து வந்தது இது: "எங்கள் அன்புக்குரிய தலைமைப் பொறியாளர் இன்று அதிகாலை காலமானார்." அவ்வளவுதான். ஆழ்ந்த இரங்கல்கள் குவிந்தன. கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. டொராண்டோ அக்கா, "ஐயோ, எத்தினை வயசு?" என்று கேட்டார். கோவைக்காரர் எடுப்பு எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். கால் மணி நேரம் கழித்து, "மூன்று இதயங்களும் ஒரே நேரத்தில் நின்றுபோயிருந்தன" என்று அடுத்த பத்தி வந்தபோதுதான் அது புதுத் தொடர்கதையின் தொடக்கம் என்று விளங்கியது. சேலத்துக்காரர் மனம் குளிர்ந்துபோனார். இத்தனை பேரை உருக்கிய வரியை அவர் அதற்கு முன்பும் எழுதவில்லை, பின்பும் எழுதவில்லை.

நாங்கள் எதிலும் முன்னோடிகள் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஹியூகோ கெர்ன்ஸ்பாக் 1926ல் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அறிவியல் கதைகளுக்கென்றே வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அதுதான். வாசகர் கடிதங்களை எழுதியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார். படித்தவர்கள் பத்திரிகைக்கு எழுதுவதை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுத ஆரம்பித்தார்கள். அதிலிருந்து சங்கங்கள், சங்கங்களிலிருந்து சண்டைகள், சண்டைகளிலிருந்து ஆளுக்கொரு கையச்சுப் பத்திரிகை என்று முப்பதுகளில் அது பெருகியது. ரே பிராட்பரி பதின்வயதில், 1939ல், அப்படியொரு பத்திரிகை நடத்தியிருக்கிறார். நாலு இதழோடு நின்றுபோனது. நம் ஊரில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்கள் யாரைக் கேட்டாலும் நாலாவது இதழின் துயரம் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்த முன்னுதாரணம் ஆண்டி வெயர். கணினி நிரலாளர். செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கும் கதையை 2009லிருந்து தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகப் போட்டார். படித்தவர்கள் வேதியியலில் பிழை கண்டுபிடித்து எழுத, அவர் திருத்திக்கொண்டே போனார். பிறகு 99 சென்ட்டுக்கு மின்நூலாக விட்டார். 2015ல் ரிட்லி ஸ்காட் அதைப் படமாகவே எடுத்துவிட்டார். எங்கள் குழுவிலும் திருத்தத்துக்குக் குறைவில்லை. ரிட்லி ஸ்காட்தான் இன்னும் கூப்பிடவில்லை.

தமிழில் எங்கள் எல்லாருக்கும் குலதெய்வம் சுஜாதா. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பங்கு உள்ளவர். அவர் 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயை விட்டுப்போனார். அந்த நாய் குட்டி போட்ட கணக்கை யாரும் எடுக்கவில்லை. எங்கள் குழுவில் மட்டும் புத்திசாலிப் பூனை, கவிதை எழுதும் கிளி, தத்துவம் பேசும் மிக்சி எல்லாம் உலவுகின்றன. யாழ்ப்பாணத்து வாத்தியாருக்கு ஆர்தர் கிளார்க் என்றால் உயிர். 1956லிருந்து இலங்கையிலேயே இருந்தவர் என்பதால் கிளார்க்கைச் சொந்த ஊர்க்காரராகவே பாவிப்பார். இரண்டு பேரும் 2008ல் மூன்று வார இடைவெளிக்குள் மறைந்தார்கள், சுஜாதா பிப்ரவரி 27, கிளார்க் மார்ச் 19. வருஷா வருஷம் அந்த மூன்று வாரமும் குழுவில் யார் பெரியவர் என்று சேலத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் யுத்தம். ஒருமுறை பெங்களூர்த் தம்பி உருகிப்போய், "இந்தச் சண்டையே கிளார்க் 1945ல் சொன்ன செயற்கைக்கோள் வழியாகத்தானே போகுது, பார்த்தீங்களா?" என்று எழுதினான். வாத்தியார் உடனே, "இல்லைத் தம்பி, இதெல்லாம் பெரும்பாலும் கடலுக்கடியில கேபிளாலதான் போகுது" என்றார். தன் கட்சிக்குச் சாதகமான பிழையைக்கூட விட்டுவைக்காதவர் அவர்.

அவரிடம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். செவ்வாயில் என் கதாநாயகன் ஒரு மாலை நேரத்தில், சிவப்பு மணலில் மூன்று கல்லைக் கூட்டி, வானத்தைப் பார்த்தபடி சாம்பார் வைத்தான். எனக்கே கண் கலங்கிய இடம். வாத்தியார் எழுதினார்: "அங்க காற்றழுத்தம் எங்கட பூமியில நூறில ஒரு பங்குகூட இல்லை. தண்ணி சைபர் பாகைக்குக் கிட்டவே கொதிச்சுப் போடும். சாம்பார் கொதிக்கும், பருப்பு அவியாது." அடுத்த வரியில், "ஒக்சிசனும் இல்லை. அடுப்பும் எரியாது." கொஞ்சம் இடைவெளி விட்டு, "தம்பி, இன்னொண்டு. உங்கட விண்கலத்தில எல்லாரும் மெட்ராஸ் தமிழ் கதைக்கினம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் ஏறேல்லையோ?"

மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லும் தைரியம் எனக்கில்லை. முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு ஊட்டிக்கு மாத்தல் ஆனப்ப நான் பட்டது மறந்துபோச்சா? அந்த உயரத்துலயே பருப்பு வேகாம மானத்தை வாங்குச்சு. குக்கர் இல்லாம ஒருத்தன் செவ்வாய்க்கு எதுக்குங்க போறான்?" ஊட்டியில் தண்ணீர் நூறு டிகிரிக்கு ஏழெட்டு டிகிரி முன்னாலேயே கொதித்துவிடும். குக்கருக்குள் அழுத்தம் ஏறி 120 டிகிரிவரை போகும். இந்த இரண்டு உண்மைகளும் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்திருக்கின்றன, நானும் இருந்திருக்கிறேன், ஒருவரையொருவர் சந்தித்ததில்லை. கதாநாயகனிடம் குக்கரைக் கொடுத்தேன். வாத்தியார் கேஸ்கட் எதனால் செய்தது என்று கேட்டார். செவ்வாய் இரவுக் குளிரில் ரப்பர் இறுகி வெடித்துவிடுமாம். அந்த அத்தியாயத்தில் இப்போது அவன் பிஸ்கட் சாப்பிடுகிறான்.

செவ்வாயில் ஒரு நாள் என்பது 24 மணி 39 நிமிடம் சொச்சம். தினமும் முப்பத்தொன்பது நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும் இடம் என்று மனைவியிடம் ஆசையாகச் சொன்னேன். "அதையும் போன்லதான் போக்குவீங்க" என்றாள். அங்கிருந்து ஒரு செய்தி பூமிக்கு வர, கிரகங்கள் இருக்கிற இருப்பைப் பொறுத்து மூன்றிலிருந்து இருபத்திரண்டு நிமிடம் ஆகும் என்று சொன்னேன். "சாப்பிட வாங்கன்னு நான் கூப்பிட்டா இந்த ரூம்லருந்து பதில் வர அரை மணி ஆகுது. நீங்க செவ்வாயையும் தாண்டித்தான் உக்காந்திருக்கீங்க."

இவள் எங்கள் கதைகள் எதையும் படித்ததில்லை. ஆனால் குழுவைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவள். சேலத்துக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் எந்தக் கண்ணில், டொராண்டோ அக்காவின் மருமகள் எந்த மாதம், கோவைக்காரர் பெண்ணுக்கு வந்த இரண்டாவது வரன் ஏன் தட்டிப்போனது, எல்லாம் விரல் நுனியில். காபியைக் கொடுத்துவிட்டு, "நெல்லைப் பொண்ணுக்கு ஹாஸ்டல்ல மஞ்சக்காமாலைன்னாங்களே, தேவலையா?" என்று கேட்பாள். நான் ஐந்தாம் அத்தியாயத்துக்கு யாராவது கருத்துப் போட்டிருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருப்பேன். போட்டிருக்க மாட்டார்கள். மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை எப்படி அரைப்பது என்று தொடங்கி, அரைக்கவே கூடாது, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று டொராண்டோ அக்கா அதட்டியதுவரை அங்கே நூற்றுக்கு மேல் செய்திகள் ஓடியிருக்கும்.

இதுதான் எங்கள் குழுவின் வாசிப்பு ரகசியம். ஒரு நாவலின் உச்சக்கட்ட அத்தியாயத்தைப் போட்டால் மூன்று கட்டைவிரல் விழும். அதில் ஒன்று கைதவறிப் பட்டது. "காலையிலேர்ந்து மோட்டார் ஓடல, உம்முனு சத்தம் மட்டும் வருது" என்று நான் எழுதிய அன்று குழுவே திரண்டுவிட்டது. கோவைக்காரர் பட்டறையில் இருந்து வீடியோவில் வந்தார். "ஏனுங்க சார், அது கெப்பாசிட்டர் போயிருக்குமுங்க. மெயினை ஆஃப் பண்ணீட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. நீங்க கைய வெக்காதீங்க. உங்க கதையெல்லாம் நான் படிச்சிருக்கனுங்க." அந்தக் கடைசி வாக்கியத்தைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கெப்பாசிட்டர்தான் போயிருந்தது.

கோவைக்காரரின் கதைகளைப் பற்றி என் தீர்ப்பைச் சொல்கிறேன். நெல்லைப் பெண்ணை விட்டுவிட்டால் எங்களில் உருப்படியானவை அவர் கதைகள்தான். விண்மீன்களுக்கிடையே போகும் பெரிய கப்பல், நடுவழியில் எஞ்சினில் காயில் எரிந்துவிடுகிறது. வேற்றுலகப் படையெடுப்பு கிடையாது, பிரபஞ்ச ரகசியம் கிடையாது. வைண்டிங் கட்டத் தெரிந்த ஒரே ஆள் தலைவரோடு சண்டை போட்டுக்கொண்டு படுக்கையை விட்டு எழ மறுக்கிறான். அவனைச் சமாதானப்படுத்துவதுதான் பதினெட்டு அத்தியாயம். நாங்களெல்லாம் விண்கலத்தைப் படைக்கிறோம். அவர் ஒருவர்தான் அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் வேண்டுமே என்று நினைக்கிறார்.

அவரைப் படித்த பிறகுதான் சர்வதேச விண்வெளி நிலையத்தை நான் குடும்பஸ்தன் கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். நானூறு கிலோமீட்டர் உயரத்தில், 2000ஆவது ஆண்டு நவம்பரிலிருந்து ஒருநாள்கூடப் பூட்டிக் கிடக்காமல் ஆள் குடியிருக்கும் வீடு. ஆறு படுக்கையறை வீட்டைவிடப் பெரியது என்கிறது நாசா. "யாரு பெருக்குறது?" என்றாள் இவள், எடுத்த எடுப்பில். விசாரித்தால், அவர்களேதான். வழக்கமாகச் சனிக்கிழமைகளில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேக்குவம் கிளீனரும் துணியுமாகத் துடைக்கிறார்கள். போர் விமான ஓட்டிகள், முனைவர் பட்டம் பெற்றவர்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஒட்டடை அடிக்கச் சொன்னால் எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் என்பதை அன்று இவள் ஞாபகப்படுத்தினாள். அந்த ஆராய்ச்சியை நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. அங்கே வாஷிங் மெஷின் கிடையாது. உடுத்திய துணியை உடுத்த முடியாத நிலைவரை உடுத்திவிட்டு, குப்பையோடு சரக்குக் கலத்தில் அடைத்து அனுப்பினால் அது வளிமண்டலத்தில் நுழையும்போது எரிந்துபோகும். எங்கள் பையன் ஹாஸ்டலில் கடைப்பிடித்தது ஏறக்குறைய இந்த முறைதான், எரிப்பது மட்டும் இல்லை. குடிதண்ணீர் விஷயம் இன்னும் விசேஷம். வியர்வை, மூச்சிலுள்ள ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து 98 சதவீதத் தண்ணீரை மீட்கிறார்கள், 2023ல் இந்த அளவை எட்டினார்கள். தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற கோடைக்காலங்களை நினைத்துக்கொண்டு இவளிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "காபியுமா?" என்றாள். நேற்றைய காபிதான் நாளைய காபி என்று விண்வெளி வீரர்களே வேடிக்கையாகச் சொல்வதுண்டு என்றேன். அன்று சாயங்காலம் என் காபி கொஞ்சம் தள்ளியே வைக்கப்பட்டது. கழிப்பறையைப் பற்றிச் சொல்லவேண்டாம் என்றுதான் பார்க்கிறேன். 2020ல் அங்கே அனுப்பிய புதுக் கழிப்பறையின் விலை 2.3 கோடி டாலர். ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு எங்கள் பிளம்பர் மீதிருந்த கோபத்தை விட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தவை கசிவுகள். 2018 ஆகஸ்டில் நிலையத்தோடு இணைந்திருந்த சோயூஸ் கலத்தில் இரண்டு மில்லிமீட்டர் அளவில் ஓட்டை. காற்று வெளியே போகிறது. உலகத்தின் மிகச் சிறந்த பொறியாளர்கள் பூமியிலிருந்து யோசனை சொல்ல, மேலே இருந்தவர்கள் எபாக்சிப் பசையைத் துணியில் தோய்த்து அடைத்தார்கள். எம்-சீல் வைத்து அடைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வாத்தியாராலேயே முடியவில்லை. 2020ல் இன்னொரு கசிவு. கருவிகளை வைத்துத் தேடியும் எந்த இடம் என்று துல்லியமாகப் பிடிபடவில்லை. ஒரு ரஷ்ய வீரர் தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தூளைக் காற்றில் மிதக்கவிட்டார். எடையற்ற அறையில் தூள் மெல்ல மெல்ல ஒரு மூலையை நோக்கி நகர்ந்தது. அங்கே விரிசல். இந்தச் செய்தியைக் குழுவில் போட்ட அன்று யாரும் கதை எழுதவில்லை. நாங்கள் எழுதும் எதிலும் டீத்தூள் இல்லையே என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். டொராண்டோ அக்கா மட்டும், "எந்தத் தேயிலை? எங்கட சிலோன் தேயிலையோ?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு குழுவில் கதைகள் கொஞ்சம் மாறின. சேலத்துக்காரரின் கப்பலில் இரண்டு பேர் விளக்கை அணைக்காமல் போனது யார் என்று சண்டை போட்டார்கள். டொராண்டோ அக்கா எழுதிய கதையில் முதியோர் இல்லத்து இயந்திரம் ஒன்று, தினமும் பழைய கதையையே சொல்லும் பாட்டியிடம், தினமும் முதல்தடவை கேட்பதுபோல் "பிறகு?" என்று கேட்கிறது. அதைப் படித்த அன்று பெங்களூர்த் தம்பி மூன்று மணிக்கு முன்னாலேயே தூங்கப் போனான். மறுநாள் அவன் போட்ட கதையில் மாயை இல்லை. கதாநாயகன் நிஜமாகவே வேலையை இழக்கிறான். எல்லாரும் தனித்தனியாக அவனுக்குப் போன் செய்தோம். கதைதான் என்றான். அடுத்த மாதம் வேறு கம்பெனியில் சேர்ந்தபோதுதான் கதை இல்லை என்று சொன்னான்.

ஒருமுறை நேரில் சந்தித்தோம், ஜனவரியில், நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியில். ஒருவரையொருவர் டிபி படத்தை வைத்துத் தேடினோம். சேலத்துக்காரர் டிபியில் குறிஞ்சிப்பூ. கோவைக்காரர் பழனி முருகன். நான் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலம், இருபத்தைந்து லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருப்பது. அரை மணி அலைந்து, கடைசியில் டெல்லி அப்பளக் கடை வாசலில் கூடினோம். பிரபஞ்சத்தின் தொடக்கம், காலப்பயணத்தின் முரண்கள், செயற்கை அறிவின் வருங்காலம் ஆகியவற்றைப் பேசுவதாக ஏற்பாடு. பேசியது சர்க்கரை அளவு. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின். நெல்லைப் பெண் எங்கள் நடுவில் நின்று அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு, "ஸார், நீங்கள்லாம் எழுத்துல ரொம்ப இளமையா இருக்கீங்க" என்றாள்.

இப்போது என் நாவலுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

'சனிக்கோள் சம்பந்தி' என்று பெயர். தாம்பரத்துப் பெண்ணுக்கும் சனிக்கோள் பையனுக்கும் காதல் கல்யாணம். பையனின் அப்பா பூமியைப் பார்க்க வருகிறார். "ஒரு வருஷம் தங்கிட்டுப் போறேன்" என்கிறார். பெண் வீட்டார் மரியாதைக்கு, "அதுக்கென்ன, தாராளமா இருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். சனிக்கோளில் ஒரு வருஷம் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய இருபத்தொன்பதரை வருஷம். இங்கேதான் முதல் பாகம் முடிகிறது. இதை வாத்தியாரே பாராட்டினார். சனி ஒரு ராசியில் இரண்டரை வருஷம் இருப்பதாகச் சொல்வது அந்த இருபத்தொன்பதரையைப் பன்னிரண்டால் வகுத்த கணக்குதான் என்று விளக்கமும் கொடுத்தார். மூன்று ராசிக்கு ஏழரை. ஏழரைக்கே திருநள்ளாறுக்கு ஓடுகிற ஜனங்கள் நாம். முழுச் சுற்றும் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பது இரண்டாம் பாகம்.

நெல்லைப் பெண்தான் ஒரு சிக்கலைக் கிளப்பினாள். "ஸார், சனியில நிக்கதுக்குத் தரையே கிடையாதுல்லா. முச்சூடும் வாயு. அதோட சராசரி அடர்த்தி தண்ணியவிடக் கம்மி. அவங்க வீடு எங்க ஸார் இருக்கு?" டைட்டன் என்ற துணைக்கோளுக்கு வீட்டை மாற்றச் சொன்னாள். அங்கே தரை இருக்கிறது, 2005ல் ஹைகன்ஸ் கலம் இறங்கியே இருக்கிறது, மீத்தேன் ஏரியும் உண்டு, ஏரிப்பக்கம் வீடு. ஆனால் 'டைட்டன் சம்பந்தி' என்றால் கைக்கடிகாரக் கம்பெனியில் வேலை செய்கிறவர் போலக் கேட்கிறது. அதனால் தலைப்பை மாற்றாமல், சம்பந்தியை மிதக்கவிட்டுவிட்டேன்.

சிக்கல் அதுவல்ல. சம்பந்திக்கு மூன்று கண். வீட்டுக்குள் நுழைந்ததும் மூன்றாவது கண்ணை மட்டும் மேலே உருட்டி, "இந்த ஃபேன் போன தடவையே சத்தம் போட்டுச்சே?" என்பார். சோபாவில் உட்காரும் முன் குஷனைத் தட்டிப் பார்ப்பார். செய்தித்தாளை முதலில் அவர்தான் பிரிக்க வேண்டும். கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாள் வரும் என்று சொல்வார், சரியாக இருக்கும். எல்லாம் என் சொந்தக் கற்பனை. கதைகளையே படிக்காத என் மனைவி இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எப்படியோ படித்துவிட்டாள். படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி, "எங்க அப்பாவுக்கு ரெண்டு கண்ணுதாங்க" என்றாள்.

வேற்றுக்கிரகவாசி என்றேன். புனைவு என்றேன். உருவகம் என்றுகூடச் சொன்னேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை. அத்தியாயத்தை அப்படியே தஞ்சாவூருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டாள். மாமனாருக்கு வயது எண்பத்திரண்டு, இரண்டு கண்ணும் தீர்க்கம். குழுவின் இணைப்பைக் கேட்டு வாங்கி உள்ளேயும் வந்துவிட்டார். சேலத்துக்காரர் பூங்கொத்துப் படத்தோடு வரவேற்றார், விதிப்படி அது கூடாது. வந்ததிலிருந்து மாமனார் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் எதைப் போட்டாலும் முதல் ஆளாகப் படிக்கிறார், படித்தவர் பட்டியலில் அவர் பெயர் விழுவது தெரிகிறது. குழுவில் என்னை முழுசாகப் படிக்கும் ஒரே வாசகர் அவர்தான் என்று தோன்றுகிறது. போன வாரம் முதல்முறையாக எழுதினார்: "மாப்பிள்ளை, ஃபேனைச் சரி பண்ணியாச்சா?" அதற்கு விழுந்த கட்டைவிரல்களை என் மொத்த இலக்கிய வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு வருகிறார். எத்தனை நாள் தங்குவார் என்று இவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குள் கடைசி இரண்டு அத்தியாயத்தில் சனிக்கோள் சம்பந்தியைத் தங்கமான மனிதராக மாற்றியாக வேண்டும். மூன்றாவது கண்ணை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார் சேலத்துக்காரர், நல்ல டாக்டர் தெரியுமாம். எல்லாமே கணினிக்குள் நடந்த மாயை என்று முடித்துவிடலாம் என்கிறான் பெங்களூர்த் தம்பி. வாசகர்களே, உங்களுக்கு இவற்றைவிட நல்ல முடிவு ஏதாவது தோன்றினால் தை பிறப்பதற்குள் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அவர் படித்துவிடுவார்.